“உப்பு இருக்கா பாருங்கம்மா”

எங்கள் லேபுக்குக் கர்ப்பிணிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களும் மாமியார்களும் சொல்லிவைத்தாற்போல் இதைத்தான் சொல்வார்கள். சிறுநீர் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, “உப்பு இருக்கா பாருங்கம்மா, அப்படியே சர்க்கரையும் பாத்துருங்க.” சர்க்கரை சரி, அது சர்க்கரையேதான். உப்பு என்று அவர்கள் சொல்வது குழம்பில் போடும் உப்பு இல்லை, ஆல்புமின். அதாவது ஒரு புரதம். ஊரே அதை உப்பு என்றுதான் சொல்கிறது, நர்ஸ்களும் அப்படியே சொல்கிறார்கள், படித்துவிட்டு வந்த திமிரில் முதல் இரண்டு மாதம் “ஆல்புமின்மா, ஆல்புமின்” என்று திருத்திக்கொண்டிருந்த நானும் மூன்றாம் மாதம் உப்புக்கு வந்து சேர்ந்தேன். இதே வாயால், சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டும் கழிவான கிரியேட்டினினையும் உப்பு என்பார்கள், யூரியாவையும் உப்பு என்பார்கள். “அவருக்கு உப்பு நாலு ஆயிருச்சாம்” என்று யாராவது பெருமூச்சு விட்டால், 1ஐ ஒட்டி இருக்க வேண்டிய கிரியேட்டினின் 4க்குப் போய்விட்டது, சிறுநீரகம் சிரமப்படுகிறது என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

வசதியான சொல்தான், ஆனால் ஒரு முறை அது என்னைக் கலங்கடித்துவிட்டது. ஏழாம் மாதக் கர்ப்பிணி, கால் இரண்டும் நன்றாக வீங்கியிருந்தது, முந்தின தடவை வந்தபோதே ஆல்புமின் லேசாகத் தெரிந்தது, டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வருகிறார்கள், இப்போது இன்னும் அதிகம். “அப்போ டாக்டர்ட்ட காட்டலையா?” என்றால் அம்மாக்காரி சொல்கிறார், “உப்புதானம்மா இருக்குன்னீங்க, அதான் அன்னையிலருந்து பிள்ளைக்கு உப்பே போடலையே, வெறுங்கஞ்சிதான் குடுக்குறேன்.” உப்பே இல்லாத கஞ்சியை மூன்று வாரம் குடித்த அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்வது வேறு கதை. சிறுநீரில் ஒழுகும் ஆல்புமினுக்கும் சாப்பாட்டு உப்புக்கும் இப்படி முடிச்சுப் போட முடியாது. 20 வாரத்துக்கு மேல் ரத்த அழுத்தத்தோடு இந்த ஆல்புமினும் சேர்ந்து வந்தால் அது உடனே கவனிக்க வேண்டிய சங்கதி. நல்லவேளை, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், தாயும் பிள்ளையும் நலம். ஆனால் ஒரு சொல் மூன்று வாரத்தைத் தின்றுவிட்டது, அந்தச் சொல்லை நானும்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் “முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு சத்தும்மா, ரத்தத்துல இருக்க வேண்டியது ஒண்ணுக்குல ஒழுகுது” என்று சொல்ல ஆரம்பித்தேன். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நான் எளிமைப்படுத்திச் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் அது அப்பட்டமான மொழிபெயர்ப்பு. லத்தீனில் ஆல்பஸ் என்றால் வெள்ளை. ஆல்புமென் என்றால் முட்டையின் வெள்ளைக்கரு. ரத்தத்தில் இருக்கும் இந்தப் புரதமும் சூடு பட்டால் வெள்ளைக்கருவைப் போலவே வெளுத்துக் கெட்டிப்படும், அதனால் அதே பெயர். இன்றைக்குச் சிறுநீரில் முக்கி எடுக்கும் சோதனைக் குச்சியில் இருக்கும் மஞ்சள் கட்டம் பச்சையாக மாறுகிறதா என்று பார்த்து முடித்துவிடுகிறோம், ஆனால் படிக்கும்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பழைய முறை: சோதனைக் குழாயில் முக்கால்வாசி சிறுநீரை ஊற்றி, மேல்பாதியை மட்டும் தீயில் காட்ட வேண்டும், வெள்ளையாகப் புகைமூட்டம் போல வந்தால் இரண்டு மூன்று சொட்டு நீர்த்த அசெட்டிக் அமிலம் விட வேண்டும், கலங்கல் மறைந்துவிட்டால் அது பாஸ்பேட், அப்படியே நின்றால் புரதம். அந்த வெள்ளையை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்களுக்கு ஆல்புமின் என்ற பெயரை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. எனக்குத்தான் அந்தப் பெயர் வெள்ளை என்று பல வருடம் யாரும் சொல்லவில்லை.

இதெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள். நீட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆல்புமின் மாதிரி எந்தப் புரதமும் அமினோ அமிலம் என்ற இருபது வகைத் துண்டுகளைக் கோத்துக் கட்டியதுதான், அந்தப் பட்டியல் அவளுக்குப் பாடம். “சித்தி, இந்த இருபது அமினோ அமிலத்தையும் எப்படி சித்தி ஞாபகம் வெச்சுக்குறது? பைத்தியமே பிடிச்சிரும் போல.” கோச்சிங்கில் ‘பிவிடி டிம் ஹால்’ என்று ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், டிம் என்பவர் பெயரில் ஒரு தனியார் மண்டபம் என்று வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அமிலம், அதுவும் அத்தியாவசியமான பத்துக்கு மட்டும்தான். மீதிப் பத்துக்கு மண்டபம் கட்டவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் திடீரென்று ஆங்கிலத்தில் உயிர்வேதியியல் படிக்கப் போனவள். லியூசின், லைசின், செரின், வாலின், புரோலின்… எனக்கு அவை ஒரு வகுப்பில் புதிதாகச் சேர்ந்த இருபது பிள்ளைகளின் பெயர்கள் மாதிரி, அதுவும் கிட்டத்தட்ட எல்லாரும் ‘இன்’ என்று முடிகிற, முகமே இல்லாத பிள்ளைகள். தேர்வுக்கு முந்தின இரவு விடுதி மொட்டைமாடியில் நடந்து நடந்து உருப்போட்டேன். மறுநாள் எழுதிவிட்டு மறந்தேன். பிறகு வேலைக்கு வந்து, சாயங்காலம் சாம்பிள் வராத நேரங்களில் சும்மா ஒவ்வொரு பெயராகத் தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இவை எல்லாம் நம் ஊரில் ஆளுக்கு வைக்கும் பட்டப்பெயர்கள் மாதிரி என்று. எங்கே கிடைத்தது, எப்படி இருந்தது, எதைப் போல இனித்தது, அவ்வளவுதான். கடைவீதியில் ‘தக்காளிக்கடைக்காரர்’, ‘வெள்ளையம்மா’ என்று கூப்பிடுகிறோமே, அதே புத்தி.

அதனால் அக்கா மகளிடம் மனப்பாடத்தை விடு, கதையாகக் கேள் என்று ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் பேசினோம். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாளா, வேறு ஏதாவது பார்த்துக்கொண்டிருந்தாளா தெரியாது, எனக்கு நன்றாகப் பொழுதுபோனது.

முதலில் கிடைத்தது அஸ்பாரஜின், 1806இல், பிரான்சில். வோக்லான், ரோபிக்கே என்று இரண்டு பேர் அஸ்பராகஸ் தண்டின் சாற்றை வற்றவைத்தபோது படிகமாக வந்தது. அஸ்பராகஸ் என்றதும் பெரிய ஹோட்டல் தட்டு ஞாபகம் வருகிறது இல்லையா, நம்முடைய தண்ணீர்விட்டான் கிழங்கு அதே இனம்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சதாவரி லேகியம் கொடுப்பார்களே, அந்தச் சதாவரி. ஆக முதல் அமினோ அமிலத்தின் பெயரை நாம் தமிழில் வைத்திருந்தால் அது தண்ணீர்விட்டானில் ஆரம்பித்திருக்கும். பரீட்சையில் எழுதக் கை வலிக்கும்தான்.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான இடத்திலிருந்து வந்தது. 1810இல் லண்டனில் வொல்லஸ்டன் என்பவர் ஒரு நோயாளியின் சிறுநீர்ப்பையில் இருந்த கல்லை ஆராய்ந்தார். வழக்கமான கல் இல்லை, புது மாதிரி. கிரேக்கத்தில் சிறுநீர்ப்பைக்குக் கிஸ்டிஸ் என்று பெயர், அதிலிருந்து சிஸ்டைன். இது கண்டுபிடிக்கப்பட்டபோது புரதத்துக்குள் இருப்பது என்றே யாருக்கும் தெரியாது, கல்லில் இருக்கும் ஏதோ ஒன்று, அவ்வளவுதான். இன்றும் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்க்கும்போது அறுகோணத் தகடு தகடாகத் தெரிந்தால் சிஸ்டைன் என்று குறித்துக்கொள்வோம். நான் என் கண்ணால் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன், அத்தனை அபூர்வம். இந்தச் சிஸ்டைனைப் பாதியாகப் பிரித்தால் சிஸ்டீன். உச்சரிப்பில் ஒரு இழுப்புதான் வித்தியாசம், இதைப் பெயர் வைத்த புண்ணியவான்களைத் திட்டாத உயிர்வேதியியல் மாணவர் கிடையாது. அந்தப் பாதிகள் இரண்டும் கந்தகத்தால் கைகோத்துக்கொள்வதுதான் நம் தலைமுடியின் உறுதி. முடி கருகும்போது வரும் நாற்றத்தில் அந்தக் கந்தகத்துக்கும் பங்கு உண்டு. சுருட்டை முடி வேண்டும் என்று பார்லரில் போய் மருந்து தடவிக்கொள்கிறோமே, முதல் மருந்து அந்தக் கைகளைப் பிரித்துவிடுகிறது, முடியை வேண்டிய வடிவத்தில் சுருட்டிவிட்டு, அடுத்த மருந்து புது இடத்தில் கைகோக்க வைக்கிறது. கெரட்டின் என்று பார்லர் பலகையில் போட்டிருப்பது கிரேக்கத்தில் கொம்பு. மாட்டுக்கொம்பு, நகம், முடி எல்லாம் ஒரே சாதிப் புரதம். “கொம்பு சிகிச்சை செய்யப்படும்” என்று தமிழில் எழுதிவைத்தால் ஒருத்தி உள்ளே வரமாட்டாள்.

1820 பிரக்கோனோ என்ற பிரெஞ்சுக்காரருக்கு நல்ல வருடம். ஜெலட்டினைக் கந்தக அமிலத்தில் போட்டுக் காய்ச்சினார். இனிப்பாக ஒரு பொருள் வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார் மனிதர், அந்தக் காலத்து வேதியியலாளர்கள் எதை வேண்டுமானாலும் நக்கிப் பார்ப்பார்கள். ஜெலட்டின் சர்க்கரை என்றே பெயர் வைத்தார், பின்னால் அது கிளைசின் ஆனது. கிரேக்கத்தில் கிளைகிஸ் என்றால் தித்திப்பு. கிளைசின், கிளிசரின், குளுக்கோஸ் மூன்றுமே ஒரே தித்திப்பிலிருந்து வந்த பெயர்கள், வாசலில் “சர்க்கரை பாத்துருங்க” என்பவர்கள் சொல்வதும் அதே தித்திப்பு. இந்த ஜெலட்டின் எங்கிருந்து வருகிறது? எலும்பு, தோல், ஜவ்வில் இருக்கும் கொலாஜனைக் கொதிக்கவைத்தால். கிரேக்கத்தில் கொல்லா என்றால் பசை, கொலாஜன் என்றால் பசை தருவது. எங்கள் தெருவில் ஒரு ஆசாரி தாத்தா இருந்தார், மரத்தை ஒட்ட வஜ்ஜிரம் காய்ச்சுவார், தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். பழுப்புக் கட்டியாக வாங்கி வந்து வெந்நீரில் கரைத்துச் சூட்டோடு தடவுவார். அந்த வஜ்ஜிரம் மாட்டுத்தோல், எலும்பிலிருந்து எடுத்த கொலாஜன்தான். வீட்டில் ஆட்டுக்கால் சூப் குடித்துவிட்டு உதடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாத்தா ஞாபகம்தான் வரும். இப்போது டப்பாவில் ‘கொலாஜன் பவுடர்’ ஆயிரக்கணக்கில் விலைக்கு வருகிறது, முகம் மினுங்குமாம். வஜ்ஜிரப் பொடி என்று எழுதினால் விற்குமா?

அதே 1820இல் அவர் கம்பளியிலிருந்தும் தசையிலிருந்தும் இன்னொன்று எடுத்தார், வெள்ளையாக இருந்தது, லியூசின் என்றார். கிரேக்கத்தில் லூக்கோஸ் என்றால் வெள்ளை. லேபில் நாங்கள் தினமும் எண்ணும் லூக்கோசைட், வெள்ளை அணு, அதே சொல். இதில் எனக்குச் சிரிப்பு வரும் விஷயம், இருபது அமினோ அமிலமும் சுத்தமான நிலையில் கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளைப் பொடிதான். ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு அடித்திருக்கிறது, அதில் ஒருவரை மட்டும் ‘வெள்ளை வீட்டுக்காரர்’ என்கிற மாதிரி. பிறகு 1886இல் முளைவிட்ட லூப்பின் என்ற பயறு வகையின் விதைகளிலிருந்து ஷூல்ட்செவும் ஷ்டைகரும் ஒன்றைப் பிரித்தார்கள், அதன் உப்புப் படிகம் வெள்ளி மாதிரி இருந்ததால் கிரேக்க வெள்ளியான ஆர்கிரோஸை எடுத்து ஆர்ஜினின் ஆக்கினார்கள். வெள்ளைக்கரு, வெள்ளையணு, வெள்ளி. தமிழில் மூன்றுக்கும் ஒரே வேர், பார்த்தால் உடனே தெரிகிறது. ஆல்புமின், லியூசின், ஆர்ஜினின் என்று எழுதும்போது அந்த வெள்ளை எங்கே போனதென்றே தெரிவதில்லை.

டைரோசினைச் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது. 1846இல் லீபிக் பாலாடைக்கட்டியின் புரதமான கேசினைச் சிதைத்து அதிலிருந்து எடுத்தார். லத்தீனில் கேசியஸ் என்றால் பாலாடைக்கட்டி, அதிலிருந்து கேசின். கிரேக்கத்தில் டைரோஸ் என்றாலும் பாலாடைக்கட்டி, அதிலிருந்து டைரோசின். ஆக அவர் பாலாடைக்கட்டியிலிருந்து பாலாடைக்கட்டியை எடுத்தார்! வருடக்கணக்கில் பழுக்கவைத்த சீஸில் பல்லில் நறநறக்கும் வெள்ளைப் புள்ளிகள் இருக்குமே, அதில் டைரோசின் படிகங்கள் உண்டு, பெயர் இன்னும் பொருந்துகிறது. அப்புறம் இதில் ஒரு பொறி இருக்கிறது. தைராய்டு சுரப்பியின் ஹார்மோனான தைராக்சினை உடம்பு இந்த டைரோசினில் அயோடினைச் சேர்த்துத்தான் செய்கிறது. உடனே தைராய்டும் டைரோசினும் சொந்தம் என்று நினைப்போம், கல்லூரி முழுக்க நான் அப்படித்தான் நினைத்தேன். இல்லவே இல்லை. தைராய்டு வந்தது கிரேக்கத்தில் கேடயம் என்ற சொல்லிலிருந்து, கழுத்தின் முன்னால் கேடயம் போல இருப்பதால். கேடயத்தின் ஹார்மோனைப் பாலாடைக்கட்டியிலிருந்து செய்கிறது உடம்பு, பெயர்கள் மட்டும் தற்செயலாக ஒன்றை ஒன்று உரசுகின்றன.

செரின் பட்டு. 1865இல் கிராமர் என்பவர் பட்டு நூலின் மேல் இருக்கும் கோந்தான செரிசினிலிருந்து எடுத்தார், லத்தீனில் பட்டுக்கு செரிகும். பட்டு நெய்வதற்கு முன்னால் நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து மேலே இருக்கும் கோந்தைப் போக்குவார்கள், அப்போதுதான் நூலுக்கு அந்த மினுமினுப்பு வரும். அந்தக் கொதிநீரோடு போவதுதான் செரிசின். “உன் அம்மா கல்யாணப் பட்டுச்சேலையில் இருந்து கழுவி ஊற்றிய அமிலம்” என்றேன் அக்கா மகளிடம், அதை மட்டும் சத்தியமாக எழுதிக்கொண்டாள்.

குளுட்டமிக் அமிலத்தை வீட்டிலேயே பாதி வழி வரை செய்து பார்க்கலாம். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி ஊறவிட்டு, குழாய்த் தண்ணீரில் மெதுவாகப் பிசைந்து பிசைந்து கழுவுங்கள். பால் போலத் தண்ணீர் ஓடும், அது மாவுச்சத்து. கடைசியில் கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும், அதுதான் குளூட்டன், லத்தீனில் மறுபடியும் பசை. பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் துணி போல விரிகிறதே, அந்தக் கைவேலைக்குப் பின்னால் நிற்பது இதுதான். (சினிமா போஸ்டர் ஒட்டும் மைதா பசையில் ஒட்டும் வேலையைப் பெரும்பாலும் மாவுச்சத்து பார்த்துக்கொள்கிறது, அந்தப் பெருமையைக் குளூட்டனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.) 1866இல் ரிட்ஹவுசன் இந்தக் கோதுமைக் குளூட்டனிலிருந்து எடுத்த அமிலம் குளுட்டமிக் அமிலம். 1908இல் ஜப்பானில் இகேடா கடற்பாசிக் குழம்பின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போய் அதே அமிலத்தில் வந்து நின்றார், அதன் சோடிய உப்புதான் நம் ஊர் ஃப்ரைட் ரைஸ் கடைகளில் ஸ்பூனால் தூவும் அஜினோமோட்டோ. ஒரு பசை, ஒரு ருசி, ஒரே மூலக்கூறு.

கடைசியாக வந்து சேர்ந்தது திரியோனின், 1935இல். அமெரிக்காவில் ரோஸ் என்பவர் அதுவரை தெரிந்த அமினோ அமிலங்களை எல்லாம் கலந்து எலிகளுக்குப் போட்டார், எலிகள் வளரவில்லை, இளைத்தன. ஏதோ ஒன்று குறைகிறது என்று தேடி, ரத்தம் உறையும்போது வலை பின்னும் ஃபைப்ரினிலிருந்து அதை எடுத்தார். 1806லிருந்து 1935 வரை, ஏறத்தாழ 130 வருடம், வகுப்பில் இருபது பேர் சேர. இதைத்தான் நம் பிள்ளைகளை ஒரு ராத்திரியில் உருப்போடச் சொல்கிறோம். வாலின், புரோலின், மெத்தியோனின் போன்றவை எல்லாம் வேறு வேதிப்பொருள்களின் பெயரிலிருந்து ஒட்டிச் செய்தவை, அவற்றில் கதை குறைவு.

பிறகு அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். ஒற்றை எழுத்துக் குறியீட்டில் டிரிப்டோஃபேனுக்கு ஏன் டபிள்யூ? ஃபீனைல் அலனினுக்கு ஏன் எஃப்? இதற்குப் பொறுப்பு மார்கரெட் டேஹாஃப். 1965இல் தெரிந்த புரத வரிசைகளை, அதாவது எந்தப் புரதத்தில் எந்த அமிலம் எதற்குப் பிறகு வருகிறது என்பதை எல்லாம் திரட்டிப் புத்தகமாகப் போட்டவர், கணினியில் துளையட்டைகளை வைத்து வேலை செய்த காலம், மூன்று எழுத்து எழுதினால் இடம் பற்றாது, ஆளுக்கு ஒன்று என்று சுருக்கினார்கள். முந்திக்கொண்டவர்களுக்கு முதல் எழுத்து கிடைத்தது, மற்றவர்களுக்கு ஒலியை வைத்தோ மிச்சம் மீதியை வைத்தோ. ஃபீனைலை ‘ஃபெ’ என்று கேட்கிறபடி எஃப். லியூசின் ‘எல்’ எழுத்தை எடுத்துக்கொண்டதால் லைசினுக்குப் பக்கத்து எழுத்து கே. டிரிப்டோஃபேன் இரட்டை வளையத்தோடு இருக்கும் பருத்த ஆள், அதனால் பருத்த எழுத்து டபிள்யூ. இதைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். அவள் வகுப்பிலும் அப்படி ஒரு டபிள்யூ இருக்கிறானாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, அப்படியானால் எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயர் வைத்துவிடலாமே என்று யாராவது கேட்பார்கள். எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. இந்தப் பெயர்கள் உலகம் முழுக்க ஒன்றாக இருப்பதில்தான் எங்கள் ரிப்போர்ட்டுகளின் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் நல்ல சொல் அமைந்த இடத்தில் அதை விடவும் மனசு வராது. நொதி என்ற சொல்லைப் பாருங்கள். என்சைம் என்றால் கிரேக்கத்தில் ‘ஈஸ்ட்டுக்குள் இருப்பது’, மாவு புளித்துப் பொங்குவதைப் பார்த்துப் பிறந்த சொல். நாமும் நொதித்தலில் இருந்து நொதி என்று எடுத்தோம். இலங்கைப் பாடப்புத்தகங்களில் நொதியம் என்பார்கள். அவர்கள் இன்னொரு வேலையும் செய்திருக்கிறார்கள், கடன் வாங்கிய சொல்லைத் தமிழ் நாக்குக்கு ஏற்றபடி வளைத்துவிட்டார்கள்: இலிப்பிட்டு (லிப்பிடு, கொழுப்பு வகை), காபோவைதரேற்று (கார்போஹைட்ரேட்), ஒட்சிசன் (ஆக்சிஜன்). யாழ்ப்பாணத்தில் படித்த ஒரு அக்கா எங்களோடு கொஞ்ச நாள் வேலை பார்த்தார், அவர் முதன்முதலாக இலிப்பிட்டு என்றபோது நான் ஏதோ பிட்டு வகை என்றுதான் நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தவள் பிறகு யோசித்தேன், லிப்பிடு என்று நான் சொல்வதில் மட்டும் என்ன பெரிதாகப் புரிந்துவிட்டது?

சமையலறையில் நம்மிடம் இருக்கும் வினைச்சொற்களைப் பார்த்தால் இன்னும் வருத்தம். பால் திரிகிறது, தயிர் உறைகிறது, முட்டை கெட்டிப்படுகிறது. புரதம் தன் மடிப்புக் குலைந்து வேறாக மாறும் விதங்களுக்கு நம் பாட்டிகள் தனித்தனியாக வார்த்தை வைத்திருக்கிறார்கள். பாடத்தில் வரும்போது மட்டும் இயல்பிழத்தல் என்று விறைப்பாக நிற்கிறது. “பால் திரிஞ்சு போச்சு பாரு, அதுதான்” என்று ஒரு வரி சொன்னால் அந்த விறைப்பு போய்விடும். எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் நான் யாருக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவு பேசிய பிறகு, கடைசியில் என் மூக்கையே உடைத்த ஒன்று. அமினோ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். அமினோ, அமீனில் இருந்து. அமீன், அம்மோனியாவில் இருந்து. அம்மோனியா, லத்தீனில் சால் அம்மோனியாகஸ் என்ற பொருளில் இருந்து, எகிப்தியக் கடவுளான அம்மோனின் கோயில் பக்கத்துப் பொருள் என்று அதற்கு அந்தப் பெயர். அது என்ன பொருள் தெரியுமா? நம் ஊர் நவச்சாரம். சின்ன வயசில் ஈயம் பூசுகிறவர் தெருவில் துருத்தி வைத்து உட்கார்ந்து, பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, வெள்ளைப் பொடியைத் தூவி, புகை கிளம்பும்போது பஞ்சால் ஈயத்தை இழுத்துவிடுவாரே, அந்தப் பொடி. சால் என்றால் உப்பு. அம்மோனின் உப்பு. ஆக எந்தப் புரதத்தின் பெயரைத் தோண்டினாலும், அமினோ அமிலத்தின் வழியாக அடியில் ஓர் உப்பில்தான் போய் முட்டுகிறது.

நேற்று ஒரு பாட்டி பேத்தியோடு வந்தார். டப்பாவை வைத்தார். “உப்பு இருக்கா பாரு தாயி.” பார்த்தேன், கட்டம் மஞ்சளாகவே இருந்தது. “உப்பு இல்ல பாட்டி” என்றேன். “ஆனா சாப்பாட்டுக்கு டாக்டர் சொன்ன அளவு உப்பு போடுங்க, சரியா? இது வேற உப்பு.” பாட்டி பேத்தியைப் பார்த்து, “இவ வேற என்னமோ சொல்றா பாரு” என்று சொல்லிவிட்டு முப்பது ரூபாயை எண்ண ஆரம்பித்தார்.